தாளைத் தொடாதவள்

ஓவியக் கூடத்தில் நான் சேர்ந்த முதல் நாளே, அங்கே சொல்லிக்கொடுக்கிற அக்கா எனக்கு ஒரு வாக்குக் கொடுத்தாள். "உன் பேப்பர்ல என் கை படாது. நீ கெஞ்சினாலும் படாது." எனக்கு அப்போது பார்வை போய் எட்டு மாதம் ஆகியிருந்தது. உண்மையைச் சொன்னால், யாரிடமாவது கெஞ்சலாம் என்றுதான் அங்கே போயிருந்தேன். எனக்கு எரிச்சலாக வந்தது.

நான் பதிவு அலுவலகத்தில் இருபது வருடம் தட்டச்சராக இருந்தவள். கண்ணுக்குள் அழுத்தம் ஏறி ஏறி, நாற்பத்தொரு வயதில் இரண்டும் அடைத்துக்கொண்டன. தட்டச்சுக்குக் கண் தேவையில்லை, இதையும் நானேதான் அடித்துக்கொண்டிருக்கிறேன். ஆனால் வீட்டில் நாள் முழுக்க உட்கார்ந்து என் தங்கையின் உயிரை வாங்கிக்கொண்டிருந்தேன். அவள் பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு, ஒருநாள் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டுபோய் அக்காவிடம் விட்டுவிட்டு வந்துவிட்டாள்.

கூடம் இருப்பது ஒரு பழைய அச்சகக் கட்டடத்தின் தரைத்தளத்தில். வாசலில் படி கிடையாது, சரிவுதான். உள்ளே நீளமாக ஒரே ஹால், ஆறு மேஜைகள், கோடியில் இரண்டு குழாய் வைத்த தொட்டி. சக்கர நாற்காலி திரும்புகிற அளவுக்கு இடைவெளி விட்டு மேஜைகளைப் போட்டிருந்ததால், யாரையும் இடிக்காமல் தொட்டிவரை போய் வர எனக்கு மூன்று நாளில் பழகிவிட்டது. வருகிறவர்கள் பலவிதம். கை நடுங்குகிற ஓய்வுபெற்ற வங்கிக்காரர் ஒருவர். காது கேளாத கல்லூரிப் பெண் ஒருத்தி. நாலு மணிக்குப் பள்ளி விட்டதும் ஓடிவருகிற தெருப் பிள்ளைகள். அந்தப் பிள்ளைகளுக்கு ஒரு குறையும் கிடையாது, வாய்தான் அதிகம். எல்லாரும் ஒரே மேஜைகளில்தான் உட்கார வேண்டும். இவர்களுக்குத் தனி நேரம், அவர்களுக்குத் தனி மூலை என்று யாராவது பேச்செடுத்தால் அக்கா வாயைத் திறக்கமாட்டாள். எழுந்து போய் பிரஷ்களைக் கழுவ ஆரம்பித்துவிடுவாள், அதுதான் அவள் கோபம்.

அவள் சொல்லிக்கொடுக்கும் விதம் எனக்குப் பிடிபட ஒரு வருடம் ஆனது. பலகையில் எதையும் வரைந்து காட்டமாட்டாள். மாதிரிப் படம் வைக்கமாட்டாள். ஒருவருக்கு ஒரு நேரத்தில் இரண்டே நிறம், அதை முடித்துவிட்டுக் கேட்டால்தான் மூன்றாவது. பிடிக்க முடியாத கைகளுக்காக பிரஷ் கம்பில் சைக்கிள் டியூப்பைச் சுற்றிக் கொடுப்பாள். தண்ணீர் டம்ளரை ஒரு கிண்ணத்துக்குள் வைப்பாள், தட்டிவிட்டாலும் மேஜை நனையாது. எனக்கு மஞ்சளில் மட்டும் மணல் கலந்து கொடுத்தாள், தொட்டால் தெரியட்டும் என்று. பிறகு எனக்கு நிறமே வேண்டாம், களிமண் போதும் என்று மாறிக்கொண்டேன். யாராவது தடுமாறினால் மனசுக்குள் இருபது எண்ணுவாள். இருபதுக்குள் அவர்களே சமாளித்துவிடுவார்கள் என்பது அவள் கணக்கு. மேஜைகளுக்கு நடுவே நடக்கும்போது இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கோத்துக்கொள்வாளாம், பிள்ளைகள் அதைப் பார்த்து நடித்துக் காட்டிச் சிரிப்பார்கள். ஏதாவது காட்டியே ஆக வேண்டுமென்றால் தனித் துண்டுத் தாளில் காட்டுவாள், காட்டியதும் கிழித்துப் போடுவாள்.

இதற்கெல்லாம் ஒரு கதை இருந்தது. அக்கா இந்தக் கூடத்துக்கு வருவதற்கு முன்னால் பாடப்புத்தகங்களுக்குப் படம் போட்டவள். தவளையின் வயிறு, எரிமலையின் வாய், பூவின் உள்பாகம் என்று பதினோரு வருடம். "என்னை மாதிரி குடல் வரைய இன்னொருத்தி பொறந்து வரணும்டி" என்று அவளே சொல்லிச் சிரிப்பாள். அப்புறம் வீட்டில் பிள்ளைகளுக்கு ஓவிய டியூஷன் ஆரம்பித்தாள். போட்டி வந்துவிட்டால் பெற்றோர் அவளைப் போட்டு நச்சரிப்பார்கள். அவளும் பிள்ளை வரைந்த யானைக்குக் கொஞ்சம் தும்பிக்கை, வானத்துக்குக் கொஞ்சம் மேகம் என்று போட்டுக்கொடுப்பாள். எல்லா டியூஷனிலும் நடப்பதுதான். ஒரு வருடம் அவளுடைய மாணவி ஒருத்திக்கு முதல் பரிசு கிடைத்தது. ஆறு வயசுக் குழந்தை. மேடையில் மைக்கைக் கொடுத்து, "இந்தப் படத்துல உனக்கு எந்த இடம் ரொம்பப் புடிக்கும்?" என்று கேட்டிருக்கிறார்கள். குழந்தை யோசித்துவிட்டு, "மிஸ் வரைஞ்ச இடம்" என்று சொல்லியிருக்கிறது. அரங்கமே சிரித்ததாம். அக்கா அன்றோடு டியூஷனை மூடிவிட்டாள்.

ஆகவே, அடுத்தவர் தாளைத் தொடாதது அவளுக்கு வெறும் பாட முறை இல்லை, மானப் பிரச்சினை. தனக்கென்று அவள் எதையும் வரைந்து முடித்ததும் இல்லை. வீட்டில் பீரோ நிறையச் சுருட்டி வைத்திருக்கிறாள் என்று அவள் கணவர் ஒருமுறை என்னிடம் சொன்னார். தபால் ஆபீசில் வேலை பார்ப்பவர், அதிகம் பேசாத மனிதர். நான் அக்காவிடமே கேட்டேன். "நிறுத்தத் தெரியலடி எனக்கு. நல்லா வந்துடும். இன்னும் கொஞ்சம்னு போவேன். தாண்டிப் போயிடும். எல்லாமே நான் தாண்டிப் போய்க் கெடுத்ததுதான்" என்றாள். அப்போது அது எனக்குச் சாதாரணப் பேச்சாகத்தான் கேட்டது.

ஆறு வருடமாக மேஸ்திரிதான் என் பக்கத்து நாற்காலி. முப்பத்துநாலு வயசு, ஆறடி ஆள், பேச்சு வராது. சுவருக்குப் பூசுகிற மாதிரி ஒரு நிறத்தின் மேல் ஒரு நிறமாக அடுக்கடுக்காகப் பூசுவான் என்பதால் பிள்ளைகள் வைத்த பெயர் அது. அவனும் அந்தப் பெயருக்குத் திரும்பிப் பார்ப்பானாம். அவனைத் தினமும் கொண்டுவந்து விடுவது அவன் அப்பா. முப்பது வருடம் பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர், எழுபதைத் தாண்டியவர், முழங்கால் இரண்டும் போய்விட்டது. மனைவி இல்லை. மகன் ராத்திரியில் தூங்குவது குறைவு, அதனால் அவரும் தூங்க முடியாது. மகன் எங்களோடு இருக்கும் ஐந்து மணி நேரம்தான் அவர் தூங்குகிற நேரம். கூடம் இல்லையென்றால் மகனுக்கு இருந்த ஒரே வழி, நாலு மணி நேரப் பயணத் தூரத்தில் இருக்கிற ஒரு விடுதி. அங்கே கதவைப் பூட்டித்தான் வைத்திருப்பார்கள், மாதம் ஒருமுறைதான் பார்க்கலாம். டிரைவர் அதைப் போய்ப் பார்த்துவிட்டு வந்த அன்று வாசலிலேயே உட்கார்ந்துவிட்டார்.

மேஸ்திரியின் படங்கள்தான் எங்கள் கூடத்தின் பெருமை. நான் பார்த்ததில்லை. ஆனால் பார்க்க வருகிறவர்கள் அவன் மேஜை அருகில் வந்ததும் பேச்சை நிறுத்திவிடுவார்கள், அதிலிருந்தே தெரியும். அக்கா என் காதருகே குனிந்து விவரம் சொல்வாள். கீழே மஞ்சள், மேலே நீலம், இரண்டும் கலந்த இடத்தில் பாசி நிறம், நடுவில் செங்கல் சிவப்பில் ஒரு பட்டை. எனக்கு நிறங்கள் நினைவில் இருக்கின்றன, அவள் சொல்லச் சொல்ல நானும் பார்த்துக்கொள்வேன். புதிதாகக் கட்டிய ஒரு ஆஸ்பத்திரி அவனுடைய படங்கள் பன்னிரண்டு கேட்டது. ஒன்பது போய்விட்டன.

பிரச்சினை அவன் உடம்பில் இருந்தது, அல்லது எல்லாரும் அப்படி நினைத்தோம். வாரத்துக்கு இரண்டு முறையாவது மணிக்கட்டைக் கடித்துக்கொள்வான். சில நாள் நெற்றியை மேஜையில் மோதுவான். பிள்ளைகள் வருகிற நேரத்தை ஒட்டியே நடந்ததால், சத்தம் ஒத்துக்கொள்ளவில்லை என்று முடிவு கட்டினோம். பிள்ளைகளை வாசலிலேயே வாயைப் பொத்தி வரச் சொன்னார்கள். டாக்டர் மாத்திரையைக் கூட்டினார். மேஸ்திரி மத்தியானம் முழுக்கத் தூங்கி வழிந்தான், நாலு மணிக்குக் கடித்துக்கொண்டான். ஒருநாள் மேஜையையே தள்ளிவிட்டான். அதன் விளிம்பு அந்தக் கல்லூரிப் பெண்ணின் காலில் விழுந்து இரண்டு விரல் முறிந்தது.

கூடத்தின் செயலாளர் கூட்டம் போட்டார். கெட்டவர் இல்லை அவர், பயந்தவர். "ஒரு மாசம் பார்க்கறேன். இன்னொரு தடவை இப்படி ஆச்சுன்னா என்னால யாருக்கும் பதில் சொல்ல முடியாது, அவர் வேற இடம் பார்த்துக்கட்டும்" என்றார். டிரைவர் எழுந்து நின்று கும்பிட்டாராம். அக்கா தொட்டியடிக்குப் போய் பிரஷ் கழுவ ஆரம்பித்துவிட்டாள்.

பார்வையில்லாதவளுக்குக் காது கூர்மை என்று யாரும் ஆரம்பிக்க வேண்டாம். என் காது சுமார்தான், தங்கை கூப்பிட்டால் பாதி நாள் விழுவதில்லை. நான் கண்டுபிடித்தது என் மடியை வைத்து. ஒருநாள் மத்தியானம் நான் செய்துகொண்டிருந்த களிமண் குடுவையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டேன். வைத்துக்கொண்ட பிறகுதான், ஏன் வைத்துக்கொண்டேன் என்று யோசித்தேன். யாரும் என்னிடம் எதுவும் சொல்லவில்லை. மேஸ்திரி அமைதியாகத்தான் இருந்தான். ஆனால் கால் மணி நேரம் கழித்து அவன் நாற்காலி முன்னும் பின்னும் ஆட ஆரம்பித்தது, அடுத்தது மணிக்கட்டு. மேஜை அதிர்ந்தது. குடுவை என் மடியில் பத்திரமாக இருந்தது.

அப்படியென்றால் என் உடம்புக்கு முன்கூட்டியே தெரிந்திருக்கிறது. எதை வைத்து? அடுத்த நாள் கவனித்தேன், அதற்கு அடுத்த நாளும் கவனித்தேன். மேஜையில் தாள் நகராமல் இருக்க நாலு பக்கமும் காகித டேப் ஒட்டியிருக்கும். மேஸ்திரி வரைந்துகொண்டே இருப்பான். ஒரு கட்டத்தில் அக்கா, "ஆச்சு ராசா, அழகா ஆச்சு" என்பாள். டேப்பை உரிக்கும் சத்தம் கேட்கும். நாலு தடவை. பழைய தாள் போகும், புதுத் தாள் வரும். அந்தச் சத்தம் கேட்டதும் என் கை தானாகக் குடுவையைத் தேடிப் போனது. வருடக்கணக்கில் அப்படித்தான் போய்க்கொண்டிருந்திருக்கிறது. கண் தெரிந்தவர்கள் எல்லாரும் அந்த நேரத்தில் எடுத்த படத்தைச் சுற்றி நின்று ஆகா ஓகோ என்பார்கள், யாரும் அவனைப் பார்ப்பதில்லை. எனக்குப் படம் தெரியாது, பக்கத்து நாற்காலி மட்டும்தான் தெரியும்.

மூன்று நாள் வாயை அடக்கிக்கொண்டேன். எனக்கு அது பெரிய காரியம். நாலாம் நாள் எல்லாரும் போன பிறகு அக்காவிடம் சொன்னேன்.

"அக்கா, அவன் முடிக்கறதுக்கு முன்னாடியே நீங்க எடுத்துடறீங்க."

"அவனுக்கு முடிக்கத் தெரியாதுடி. விட்டா மேல மேல பூசிக்கிட்டே போவான். எல்லா நிறமும் கலந்து சேறாப் போயிடும். சரியான நேரத்துல எடுக்கறேன், அவ்வளவுதான்."

"யாருக்குச் சரியான நேரம்?"

நான் விடவில்லை, எனக்கு விடத் தெரியாது. "கால் மணி நேரத்துல கடிக்க ஆரம்பிக்கறான். ஒவ்வொரு தடவையும். நீங்க எடுக்காத நாள்ல கடிக்கல. எண்ணிப் பாத்துட்டுத்தான் பேசறேன்."

"நான் இதுவரைக்கும் யார் படத்தையும் தொட்டதில்ல." அவள் குரல் இறங்கிவிட்டது. "உனக்கே தெரியும். ஒரு புள்ளி வச்சதில்ல. டேப்பத்தான் தொடறேன்."

"அந்த டேப் எதுல ஒட்டியிருக்கு?"

தொட்டியில் தண்ணீர் திறக்கிற சத்தம் கேட்டது. பிரஷ்களை ரொம்ப நேரம் கழுவினாள். என்னை பஸ் ஏற்றிவிட வழக்கம்போல் கூட வந்தாள். ஆனால் அந்த வாரம் முழுக்க, "கிண்ணம் வலது பக்கம்" என்பதற்கு மேல் எங்களுக்குள் பேச்சு இல்லை. வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டோமே என்று நான் வருத்தப்பட்டேன். தப்பாகச் சொல்லிவிட்டோம் என்று மட்டும் தோன்றவே இல்லை.

அடுத்த திங்கட்கிழமை மேஸ்திரியின் மேஜையில் டேப் உரியவில்லை. அக்கா என் அருகே வந்து குனிந்தாள். "இப்ப எடுத்தா அழகா இருக்கும்" என்றாள், மூச்சு வாங்க. பத்து நிமிஷம் கழித்து, "போச்சுடி" என்றாள். அதற்குப் பிறகும் அவன் ஒன்றரை மணி நேரம் பூசினான். தாள் ஊறிப்போய் பிரஷின் சத்தமே மாறிவிட்டது, ஈரச் சுவரைத் தடவுகிற மாதிரி. பிறகு ஒரு சின்ன ஓசை. பிரஷை டம்ளரின் மேல் குறுக்காக வைத்தான். நாற்காலியைப் பின்னால் தள்ளி எழுந்து, யார் உதவியும் இல்லாமல் தொட்டிக்குப் போய்க் கை கழுவினான். தொண்டைக்குள் ஏதோ முனகினான். பாட்டு மாதிரி இருந்தது. ஆறு வருடத்தில் அந்தக் குரலை நாங்கள் யாரும் கேட்டதில்லை.

அக்கா தொட்டியைப் பிடித்துக்கொண்டு அழுதாள். "ஆறு வருஷம்டி. ஆறு வருஷமா அவன் ஒரு படத்தைக்கூட முடிக்க நான் விட்டதில்ல." நான் சொன்னதுதானே உண்மையாகியிருந்தது. ஜெயித்த மாதிரி இருக்கும் என்று நினைத்திருந்தேன், அப்படி எதுவும் இல்லை.

அந்த மாதத்துக்குள் ஐந்து படங்களை முடித்தான். ஐந்தும் ஒரே பழுப்பு, விளிம்பிலிருந்து விளிம்புவரை. செயலாளர் வந்து பார்த்துவிட்டு, "இதை எந்தச் சுவத்துல மாட்டறது?" என்று கேட்டார். மீதி மூன்றைத் தர முடியாது என்று ஆஸ்பத்திரிக்கு அக்காவே போன் பண்ணிச் சொல்லிவிட்டாள். ஆனால் கடி இல்லை, மோதல் இல்லை. மாதம் முடிந்ததும் செயலாளர் டிரைவரைக் கூப்பிட்டு, மகன் இங்கேயே இருக்கலாம் என்றார். "வீட்லயும் கடிக்கல டீச்சர். முந்தாநாள் ராத்திரி ஆறு மணி நேரம் தூங்கினான். நான் பயந்துபோய் எழுந்து எழுந்து மூச்சு வருதான்னு பாத்தேன்" என்று டிரைவர் அக்காவிடம் சொன்னார். இந்த இடத்தில் நிறுத்தினால் எனக்கும் நல்லது, அக்காவுக்கும் நல்லது.

ஆறாவது படத்தை அவன் ஒரு புதன்கிழமை ஆரம்பித்தான். அக்கா வழக்கம்போல் வந்து வந்து சொன்னாள். மஞ்சள். மஞ்சளுக்கு மேல் பச்சை. பிறகு பழுப்பு, ஓரங்களிலிருந்து உள்ளே. அதன் பிறகு சொல்வது நின்றுவிட்டது. என் பின்னால் நிற்கிறாள் என்று தெரிந்தது, மூச்சு கேட்டது. "என்னக்கா?" என்றேன். "பேசாதடி" என்றாள். பிரஷ் தாளில் பட்டது, நின்றது. மறுபடி பட்டது, நின்றது. பிள்ளைகள் இன்னும் வரவில்லை.

டேப் உரிந்தது.

நான் குடுவையை மடிக்கு இழுத்தேன். நாற்காலி ஆடும் என்று காத்திருந்தேன். ஆடவில்லை. கால் மணி நேரம் ஆனது, அரை மணி ஆனது. அவனிடமிருந்து ஒரு அசைவு இல்லை. புதுத் தாளை வைத்தார்கள், அதிலும் சத்தம் இல்லை. சாயங்காலம் டிரைவர் வந்து கூப்பிட்டபோது பிரஷ் அவன் கையிலேயே இருந்தது. விரல் விரலாகப் பிரித்துத்தான் அதை எடுக்க வேண்டியிருந்தது.

மறுநாள் வந்தான், உட்கார்ந்தான். பிரஷைத் தொடவில்லை. அதற்கு மறுநாளும் தொடவில்லை. வாரங்கள் போயின. கடிக்கவில்லை, மோதவில்லை, வரையவும் இல்லை. கையை மடியில் வைத்துக்கொண்டு ஐந்து மணி நேரம் உட்கார்ந்திருப்பான். செயலாளருக்குத் தலைகால் புரியாத சந்தோஷம். பார்க்க வந்தவர்களிடம், "எவ்வளவு முரடா இருந்தவன், இப்ப பாருங்க, எவ்வளவு பக்குவமா உக்காந்திருக்கான்" என்று அவனைக் காட்டினார். எனக்கு அவர்மேல் களிமண்ணை எறியலாம் போல இருந்தது. குறி தவறிவிடும் என்பதால் விட்டுவிட்டேன்.

அக்காவோடு இந்த முறை பேசாமல் இருந்தது நான். மூன்று வாரம் கழித்து அவளே என் பக்கத்தில் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"அந்தப் படத்தை ஆபீஸ்ல குடுக்கல. வீட்ல வச்சிருக்கேன்."

நான் களிமண்ணைப் பிசைந்துகொண்டே இருந்தேன்.

"பூராவும் பழுப்பு. நடுவுல ஒரு உள்ளங்கை அகலம் மட்டும் மூடாம விட்டிருந்தான். கீழ இருக்கற மஞ்சளும் பச்சையும் அதுல தெரியுது. கதவுக்கு அடியில வெளிச்சம் வர்ற மாதிரி. நான் ஆயுசுல அப்படி ஒண்ணு வரைஞ்சதில்லடி. அடுத்த நிமிஷம் அதையும் மூடிடுவான்னு தோணிச்சு. என் படங்களை நான் கெடுத்த மாதிரி. கை தானாப் போயிடுச்சு."

"மூடினா மூடிட்டுப் போறான். அவன் படம்" என்றேன்.

"அது மட்டும் இல்ல." ஸ்டூலை இன்னும் கிட்டே இழுத்துப் போட்டாள். "அந்த இடத்தை அவன் சுத்திச் சுத்தி வந்தான். மூணு தடவை பிரஷ் கிட்ட வந்துட்டுத் திரும்பிடுச்சு. தினமும் எடுத்து வச்சுப் பாக்கறேன், அதான் ஞாபகம் வருது. இந்த ஒரு தடவை அவனே நிறுத்தியிருப்பானோ என்னமோ. அஞ்சு நிமிஷம் பொறுத்திருந்தா தெரிஞ்சிருக்கும். இனிமே தெரியாது."

அவள்மேல் எனக்கிருந்த கோபம் அத்தனையும் அந்த நிமிஷம் எங்கே போனதென்று தெரியவில்லை. பயம்தான் வந்தது. அவன் அப்பாவிடம் சொல்லிவிடுங்கள் என்றேன். சொல்லத்தான் போகிறேன், நீயும் கூட இரு என்றாள்.

டிரைவர் சாயங்காலம் வந்தார். வாசல் பெஞ்சில் உட்கார வைத்து அக்கா எல்லாவற்றையும் சொன்னாள். ஒன்பது படங்களும் முடியாதவை. கடித்துக்கொண்டதெல்லாம் அதனால்தான். இப்போது அவன் சும்மா உட்கார்ந்திருப்பதும் தன்னால்தான். எதையும் குறைத்துச் சொல்லவில்லை. அவள் சொல்லி முடித்ததும் கொஞ்ச நேரம் முழங்காலைத் தேய்த்துக்கொண்டிருந்தார், வேட்டியில் உள்ளங்கை உரசுகிற சத்தம் கேட்டது.

"முப்பது வருஷம் வண்டி ஓட்டினேன் டீச்சர். எறங்க வேண்டிய எடத்துக்கு முன்னாடி யாரையும் எறக்கி விட்டதில்ல" என்றார். திட்டுகிற குரல் இல்லை, யோசித்துக்கொண்டே சொன்ன மாதிரி இருந்தது. கொஞ்சம் கழித்து, "அந்த ஆஸ்பத்திரிக்குத்தான் முட்டிக்குக் காட்டப் போவேன். ஒவ்வொரு தடவையும் அந்தப் படங்களுக்கு முன்னாடி கொஞ்ச நேரம் உக்காந்துட்டு வருவேன். நர்ஸம்மாங்ககிட்ட எம் பையன் போட்டதுன்னு சொல்லுவேன்" என்றார். அக்கா ஏதோ சொல்ல ஆரம்பித்தாள். "நீங்க வச்சிருக்கறதைக் கொண்டாந்து அவன் முன்னாடி வைங்க. விட்ட எடத்துலேர்ந்து போகட்டும்" என்றார். மகனைக் கூப்பிட்டுக்கொண்டு போய்விட்டார்.

மறுநாள் காலையில் அக்கா படத்தைக் கொண்டுவந்தாள். ராத்திரி முழுக்க அதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள் என்று அவள் கணவர் பிறகு சொன்னார். அந்தப் படத்தை அப்படியே பார்ப்பது அன்றைக்குத்தான் கடைசி என்று அவளுக்குத் தெரியும். பழைய இடத்திலேயே தாளை வைத்து நாலு பக்கமும் டேப் ஒட்டினாள். பழுப்பும் மஞ்சளும் கரைத்து வைத்தாள். பிரஷை அவன் கைக்கு எட்டுகிற இடத்தில் வைத்தாள். "உன்னோடது ராசா. யாரும் எடுக்க மாட்டாங்க" என்றாள். பிறகு நகர்ந்துவிட்டாள். வங்கிக்காரரின் பிரஷ் டம்ளரில் பட்டுப் பட்டுக் கிணுங்குவதுகூட நின்றிருந்தது. நான் களிமண்ணில் கையை வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தேன். ஒரு மணி நேரம் இருக்கும்.

டேப் உரிகிற சத்தம் கேட்டது.

எனக்குக் கோபம் தலைக்கேறிவிட்டது. "அக்கா! உங்களுக்கு வெக்கமே இல்லையா?" என்று எழுந்து கத்தினேன். ஸ்டூல் விழுந்தது. "ஒரு நாள்! ஒரே ஒரு நாள் கையை வச்சுக்கிட்டுச் சும்மா இருக்க முடியாதா உங்களால?"

"நான் இங்க இருக்கேன்டி." குரல் ஹாலின் அந்தக் கோடியிலிருந்து வந்தது, தொட்டிப் பக்கமிருந்து. மறுபடியும் டேப் உரிந்தது, என் பக்கத்திலேயே, மெதுவாக, மூலை கிழியாமல். "நான் தொடல. அவனே உரிக்கறான்."

மூன்று, நாலு. நாற்காலி நகர்ந்தது. அக்காவின் செருப்புச் சத்தம் எங்களை நோக்கி வந்து, நாலடி தள்ளி நின்றுவிட்டது.

"வரைஞ்சானா அக்கா?"

"இல்ல. பிரஷைத் தொடவே இல்ல. பேப்பரை என்கிட்ட நீட்டறான்."

"வாங்காதீங்க" என்றேன்.

"வாங்கலைன்னா கையைக் கீழ போடமாட்டேங்கறான்டி. என் முகத்தையே பாக்கறான்."

தாள் படபடவென்று அடித்துக்கொள்வது எனக்குக் கேட்டது. காற்று இல்லை. அத்தனை பெரிய ஆள், கையை நீட்டியபடியே நின்று நின்று அவன் கை நடுங்கிக்கொண்டிருந்தது. அக்கா இருபது எண்ணினாளோ என்னவோ. அதற்கு மேலும் ஆனது.

"என்னடி பண்ணட்டும்? வாங்கட்டுமா?" என்று கேட்டாள். முடிந்துவிட்டது என்று கொடுக்கிறானா, எப்படியும் எடுத்துவிடுவீர்கள் என்று கொடுக்கிறானா, எனக்குத் தெரியவில்லை என்று சொன்னேன்.